சஹனில் நமது பங்கு எவ்வளவு?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை வீடுகளில் நீரிழிவைப் பற்றிக் கதைக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்றுண்டு: "தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டேன்." நல்லதுதான். ஆனால் பீங்கானில் உள்ள சோற்றைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஒரு தேநீர்க் கோப்பை நிறைந்த சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாப்பொருள் உண்டு. அது சமிபாடடைந்து குளுக்கோசாகவே இரத்தத்தில் சேர்கின்றது. ஒரு தேக்கரண்டிச் சீனியோ நாலைந்து கிராம்தான். இரண்டு கரண்டிச் சீனியை விட்டவர் பகலில் மூன்று கோப்பைச் சோறு உண்டால், எதைக் குறைத்தவராவார்? தவிடு நீக்காத நாட்டரிசி சீனியைச் சற்று மெதுவாக ஏற்றும். ஆயினும் அளவு மிஞ்சினால் அதுவும் உதவாது.

கலியாண வீட்டில் சஹனைச் சுற்றியமர்ந்து ஒன்றாக உண்பது இப்பிரதேச முஸ்லிம் மக்களின் அழகிய பண்பாடு. அதைக் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை. ஆனால் தமது பங்கு எவ்வளவென்பது அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே தமக்குரிய சோற்றை முதலிலேயே ஒதுக்கிக்கொண்டு உண்பது நன்று. வீட்டிலே கணக்கு இலகுவானது: பீங்கானில் பாதி மரக்கறியும் முருங்கையிலைச் சுண்டலும், காற்பங்கு மீன் அல்லது பருப்பு, மிகுதிக் காற்பங்கே சோறு. கிழங்கையும் பலாக்காயையும் சோற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

நோயாளிக்கெனத் தனிப்பானை வேண்டியதில்லை. தனிச்சமையல் தாய்மாருக்குச் சுமை. சில நாட்களில் அது நின்றுவிடும். பெற்றோருக்கு நீரிழிவு இருப்பின் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். எனவே இந்த உணவு முழு வீட்டிற்குமே ஏற்றது.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சீனி ஆபத்தாகத் தாழக்கூடும். வைத்தியருடன் கதைத்தே மாற்ற வேண்டும். ரமழானுக்கும் இது பொருந்தும். நோன்புக்கு ஓரிரு மாதம் முன்பே வைத்தியரைக் காண்பது அவசியம். நோன்பு வேளையில் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும். நோயாளிக்குத் திருக்குர்ஆனே சலுகை வழங்கியிருக்கின்றது.

2005-2006இல் இலங்கையில் நடந்த பெரும் ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு எனக் கண்டது. யுத்தச் சூழலால் வடக்கும் கிழக்கும் அதில் சேரவில்லை. எண்ணப்படாததால் எமது கரையில் நோய் இல்லாமற் போகவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் மாதர் சங்கத்தினரும் அடுத்த கந்தூரிச் சமையலில் ஒரு மரக்கறியைக் கூட்டி, சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துத் தொடங்கலாமே.