சேற்றில் எழுதிய சுவடு



எங்கள் தீர்த்தமலையில் பாறையினின்று நீர் சொரிவதைக் கண்டு வளர்ந்தவன் நான். கடலடியிலும் ஊற்றுகள் உண்டு என்று பிற்காலத்தில் படித்தபோது வியந்தேன். அங்கே ஊறுவது மீத்தேன் வாயு.

ஆழ்கடற் சேற்றில் புதைந்த உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது இவ்வாயு பிறந்து, வெடிப்புகளின் வழியே கசிகிறது. இத்தகைய குளிர்ந்த கசிவைச் சுற்றி உயிர்க்கூட்டம் வாழ்வதை 1984-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ வளைகுடாவில் கண்டனர். நமது வங்கக் கடலில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 2006-இல் துளையிட்டபோது, மீத்தேன் நீரோடு சேர்ந்து பனிக்கட்டிபோல் உறைந்திருக்கக் கண்டனர். 2018-இல் ‘சிந்து சாதனா’ என்னும் கப்பலில் சென்ற அறிஞர்கள் அங்கே கசிவிடத்தையும் ஆராய்ந்தனர்.

கதிரவன் ஒளி புகாத அவ்விடத்தில் உணவு ஏது? நுண்ணுயிர்கள் கடல்நீரின் ஸல்பேட்டைக் கொண்டு மீத்தேனைச் சிதைக்கின்றன. அதனால் ஹைட்ரஜன் ஸல்பைடு உண்டாகிறது. சிலவகைச் சிப்பிகள் சேற்றுக்குள் காலை நீட்டி அதனை உறிஞ்சி, தம் செவுள்களில் வாழும் நுண்ணுயிர்களுக்கு ஊட்டுகின்றன. அவை சிப்பிகளுக்கு உணவு சமைத்துத் தருகின்றன.

புழுக்களும் இறால் இனத்தவையும் சேற்றில் வளை தோண்டுகின்றன. வளை வழியே கடல்நீர் உள்ளே இறங்குகிறது. மீத்தேன் சிதையும் இடங்களில் சுண்ணாம்பு படிந்து சுவர் இறுகுகிறது. தோண்டிய உயிர் மடிந்து மறைந்தாலும் வளை கல்லாய் நிற்கிறது. உடல் அன்று, செயலே அங்குப் பதிந்துள்ளது. இதனைச் சுவட்டுப் படிவம் என்பர்.

நான் ஆசிரியனாக இருந்த நாளில் ஒரு மாணவன் அரியலூர்ப் பக்கத்தினின்று விரற் பருமனில் கிளைத்த கற்குழல் ஒன்றைக் கொணர்ந்தான். “வேரின் அச்சு” என்றேன். “வேர் என்றால் நுனி மெலியுமே, ஐயா! இது மெலியவில்லையே” என்றான். பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அவனை அமரச் சொல்லிவிட்டேன். மறுநாள் அக்கல் அவனிடம் இல்லை.

பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் கடலாயிருந்தது; அக்கடலில் இறால் இனத்தவை தோண்டிய வளைகள் அப்பாறைகளில் உள்ளன. அக்கல் வாயுக் கசிவில் பிறந்தது என்று கூறேன். ஆயினும் அவன் கேட்ட கேள்விதான் வேரையும் வளையையும் பிரித்தறியும் முதற் கேள்வி என்பதை ஓய்வு பெற்ற பின்னரே அறிந்தேன்.

ஆகவே, உங்களுக்கு இத்தகைய கல் கிடைத்தால், கிடைத்த ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். ஆசிரியர் வேர் என்றார் என்பதற்காக எறிந்துவிடாதீர்கள்.