60க்குப் பூஜ்யம்: மொரிஷியஸ் தேர்தல் முடிவைப் படிப்பது எப்படி?

மீஞ்சூர்க்காரருக்குச் சட்டமன்றத் தேர்தலில் ஒரே ஓட்டு. அந்த ஊர் அடங்கிய பொன்னேரித் தொகுதிக்கு ஒரே எம்.எல்.ஏ. ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து இருக்கும் மொரிஷியஸில் கணக்கு வேறு. அங்கே முதன்மைத் தீவில் ஒரே சீட்டில் மூன்று வேட்பாளர்களுக்குக் குறியிட வேண்டும். ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் குறியிட்டால் அது செல்லாத ஓட்டு.

அந்த நாட்டின் வாக்காளர்கள் மொத்தமே சுமார் 10 லட்சம் பேர். பொன்னேரி அளவில் நான்கு தொகுதிகளைச் சேர்த்தால் ஏறக்குறைய அந்தத் தொகை வந்துவிடும். முதன்மைத் தீவில் 20 தொகுதிகள், தொகுதிக்கு 3 உறுப்பினர்கள். தனியே தள்ளியிருக்கும் ரொட்ரிகஸ் தீவுக்கு 2 பேர். ஆக, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 62 பேரை.

2024 நவம்பர் 10ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில் நவீன் ராம்கூலம் தலைமையிலான கூட்டணி முதன்மைத் தீவின் 60 இடங்களையும் அள்ளியது. ரொட்ரிகஸின் 2 இடங்கள் அத்தீவின் கட்சிக்குப் போயின. அதுவரை ஆண்ட பிரவிந்த் ஜகநாத்தின் கூட்டணி நாலில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டு வாங்கியும் ஒரு தொகுதியில்கூட ஜெயிக்கவில்லை. ஜகநாத்தே தம் தொகுதியில் தோற்றார்.

எப்படி இது நடக்கிறது? ஒரு தொகுதியில் 100 பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் ஒரு கூட்டணியின் மூவருக்கும், மீதி 40 பேர் எதிரணியின் மூவருக்கும் குறியிடுகிறார்கள். முதல் மூவருக்கும் தலா 60, அடுத்த மூவருக்கும் தலா 40. மூன்று இடமும் ஒரே பக்கம் போய்விடும். எல்லாத் தொகுதியிலும் இதே காற்று வீசினால் எதிரணிக்குப் பூஜ்யம்தான். 1982, 1995 தேர்தல்களிலும் இப்படியே 60 இடங்களும் ஒரே அணிக்குப் போயின. அந்த இரண்டு முறையும் பதவியில் இருந்த பிரதமர் தம் தொகுதியையே இழந்தார். காற்று பிரிந்தால் நிலைமை வேறு. 2019இல் சுமார் 37 சதவீத ஓட்டே ஜகநாத் கூட்டணிக்கு 38 இடங்களைத் தந்தது.

இந்தக் கோணலை ஓரளவு நிமிர்த்த அங்கே ‘பெஸ்ட் லூசர்’ என்றொரு ஏற்பாடு உண்டு. தோற்றவர்களில் நல்ல ஓட்டு வாங்கியவர்களுக்கு அதிகபட்சம் 8 இடங்களைத் தேர்தல் ஆணையமே ஒதுக்கும். சமூகச் சமநிலையும் கட்சிகளின் பலமும் இதில் கணக்கில் வரும். அரசமைப்புச் சட்டம் சொல்லும் சமூகங்கள் நான்கு: இந்து, முஸ்லிம், சீனர், ஏனையோர். தமிழருக்குத் தனிப் பட்டியல் இல்லை; இந்து என்பதிலேயே அடக்கம். கணக்குக்கு அடிப்படை இன்றும் 1972ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். வேட்பாளர் தம் சமூகத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் தவறென்றது. ஆனாலும் 2024இல் ஜகநாத் அணியினர் சபைக்குள் நுழைய முடிந்தது இந்த வழியாகத்தான்.

ஓட்டுக்கும் இடத்துக்கும் பொருந்தாத இந்தக் கோணல் தமிழ்நாட்டில் நமக்குப் புதிதல்ல. 1991இல் திமுக ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டு வாங்கியும் 234இல் 2 இடங்களோடு நின்றது. அதில் ஒன்று வடசென்னையின் துறைமுகம் தொகுதி. 1996இல் முதல்வர் ஜெயலலிதா பர்கூரில் தோற்றார். தோற்றவரைச் சபைக்குள் அழைக்கும் ஏற்பாடு மட்டும்தான் நம்மிடம் இல்லை.

ஆகவே தேர்தல் முடிவு வரும் நாளில் ‘எத்தனை இடம்’ என்பதோடு நிற்காதீர்கள். பக்கத்திலேயே ‘எத்தனை சதவீதம்’ என்பதையும் பாருங்கள். யார் ஆளப்போகிறார்கள் என்பதை முதல் எண் சொல்லும். மக்கள் எப்படிப் பிரிந்து நின்றார்கள் என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.