கடப்பாட்டின் எழுவாய்

ஒருவர் ஒரு செயலைச் செய்தே தீர வேண்டியவர் என்று நிறுவும் தொடரைக் கடப்பாட்டுக் கூற்று எனலாம். கடப்பாடுடையார், கடப்பாட்டுச் செயல், அதன் பயனைப் பெறும் உரிமையாளர், செயல் முடிய வேண்டிய கால எல்லை என அதற்கு உறுப்புகள் நான்கு. மக்களுக்கென அரசு வகுக்கும் திட்டங்களின் சட்டங்கள் இத்தகைய கூற்றுகளால் கோக்கப்பட்டவை. நம் நாட்டில் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்து, பின்னரே தமிழுக்கு வருகின்றன. வரும் வழியில் உறுப்பெதுவும் உதிர்ந்ததா என்று ஆராய்வது மொழிபெயர்ப்பாய்வின் பணிகளுள் ஒன்று.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த நிலம் இவ்வாய்வுக்கு ஏற்ற களம். ஆண்டின் பெரும்பகுதி குண்டாறு மணலாய்க் கிடக்கும். கண்மாய்களைச் சீமைக்கருவேல் அடைத்து நிற்கும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் 2008 ஏப்பிரல் முதல் நாளில் இங்கு வந்தபோது, கண்மாயைத் தூர்வாருவதும் வரத்துக் கால்வாயை வெட்டுவதும் "நூறு நாள் வேலை" என்னும் பெயரைப் பெற்றன. அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு நான்கு உறுப்பும் நிறைந்த கூற்றாக இருந்தது: மாநில அரசே கடப்பாடுடையார், உடலுழைப்புக்கு முன்வரும் அகவை நிரம்பியோரைக் கொண்ட ஒவ்வொரு குடியும் உரிமையாளர், நூறு நாளுக்குக் குறையாத வேலை தருவது செயல், ஒரு கணக்காண்டு எல்லை. வேலை கேட்டுப் பதினைந்து நாளுக்குள் தராவிடில், முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்கும் அதன்பின் அரைப் பங்கும் குறையாமல் வேலையின்மைப் படி பெறும் உரிமையை 7-ஆம் பிரிவு வழங்கியது.

இக்கூற்றுகளை ஆங்கிலத்தில் தாங்கும் வினை "ஷல்". இது எதிர்காலத்தையும் கடப்பாட்டையும் ஒருங்கே சுமப்பதால், அதன் வலிமை ஆங்கிலத்திலேயே ஐயத்துக்குரியதாயிற்று. அரசமைப்பின் 320-ஆம் பிரிவு, தேர்வாணையத்தைக் கலந்துகொள்வது பற்றி "ஷல்" என்றே கூறியிருந்தும், அது கட்டாயமன்று, வழிகாட்டுவதே என உச்ச முறைமன்றம் 1957-இல் தீர்ப்பளித்தது. பிரித்தானியச் சட்ட வரைவாளர்கள் இந்நாளில் அவ்வினையைத் தவிர்த்து "மஸ்ட்" என்பதை ஆள்கின்றனர்.

தமிழில் இதன் இடத்தை நிரப்புவது "வேண்டும்". விருப்பத்தையும் தேவையையும் குறித்த வினை கடப்பாட்டையும் ஏற்றது. எப்பொருளில் நிற்கிறது என்பதை வேற்றுமையே உணர்த்தும். "எங்களுக்கு வேலை வேண்டும்" என்று நான்காம் வேற்றுமையோடு வரின் அது குடிகளின் வேண்டுகை. "அரசு வேலை தர வேண்டும்" என்று எழுவாயோடும் செய என் எச்சத்தோடும் வரின் அது அரசின் கடப்பாடு. கேட்பவர் வாயிலும் கொடுக்க வேண்டியவர் மேலும் ஒரே சொல் நிற்க, இடையில் மாறுவது "கு" என்னும் உருபும் ஓர் எச்சமுமே. இவ்வளவு சிறிய கருவியால் இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தமிழ் அமைத்திருப்பது எண்ண எண்ண வியப்பளிக்கிறது. 2018-இல் நடுவணரசு இந்நிலம் அடங்கிய விருதுநகர் மாவட்டத்தைத் தன் "ஆஸ்பிரேஷனல்" மாவட்டப் பட்டியலில் சேர்த்தபோது, அப்பெயரை "முன்னேற விழையும் மாவட்டம்" என்று தமிழாக்கினார்கள். நல்ல ஆக்கம் அது; ஆனால் அத்தொடரில் விழைபவர் மாவட்டத்தாரே, கடப்பாடுடையார் இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

விலக்கிலும் தமிழின் கூர்மை குறைந்ததன்று: "செய்யக் கூடாது" தடையையும், "செய்ய வேண்டியதில்லை" கடப்பாடின்மையையும் பிரித்துக் காட்டும். "ஷுட்" என்னும் மென்மையான ஆங்கில வினைக்கும் "வேண்டும்" என்றே எழுதிவிடும் வழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. "செய்யத் தகும்" என்னும் தொன்மையான வடிவம் நம் கையில் இருக்கிறது. அதைத் தகுவினை என்றும், "வேண்டும்" என்பதைக் கடன்வினை என்றும் பிரித்தாண்டால், அறிவுரையும் ஆணையும் ஒன்றோடொன்று கலவா.

உண்மையான இழப்பு நேர்வது செயப்பாட்டு வினையில். வேலைக்களத்தில் குடிநீரும், குழந்தைகளுக்கு நிழலும், முதலுதவிப் பெட்டியும் அளிக்கப்பட வேண்டும் என்றது வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் இணைப்பு. ஆங்கில மூலத்திலேயே அளிப்பவர் யார் என்பது அத்தொடரில் இல்லை. தமிழிலோ அது "குடிநீர் வழங்கப்படும்" என்று மேலும் இளகிவிடுகிறது. கடப்பாடு எதிர்காலச் செய்தியாகிறது. செய்தி வாய்மொழியாகும்போது, "தண்ணி குடுப்பாகளாம்" என்று இவ்வட்டாரப் பேச்சில் "ஆம்" ஏற்று, யாரோ சொல்லக் கேட்டதாகவே ஆகிவிடுகிறது. நால் உறுப்பில் முதல் உறுப்பு மூலத்தில் உதிர்ந்தது. கடப்பாடு மொழிபெயர்ப்பில் உதிர்ந்தது.

"வேண்டும்" ஐம்பால் மூவிடத்துக்கும் பொதுவாதலால், எழுவாய் மறைந்தாலும் தொடர் குறைவின்றி ஒலிக்கும். இவ்விழப்பு செவிக்குப் புலப்படாமற் போவதன் கரணியம் அதுவே. எழுவாயைத் தன் ஈற்றிலேயே தாங்கும் கடன்வினை ஒன்று தமிழுக்கு உண்டு. கடன், கடமை, கடப்பாடு ஆகியவற்றோடு ஒரு வேரினின்று கிளைத்த அவ்வினை, கடவேன், கடவோம், கடவர், கடவது என இடமும் பாலும் காட்டித் திரியும். கோயிற் கல்வெட்டுகளில் விளக்கெரிக்கப் பொறுப்பேற்ற சபையாரும் ஊராரும் "கடவோம்" என்று தன்மைப் பன்மையில் தம்மையே பிணித்துக்கொண்டார்கள். திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்திலும் விளக்குக்கு ஆடு விட்ட செய்தி கூறும் 10-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகள் உள. செக் மொழியில் சட்டக் கடப்பாட்டைச் சொல்லும் "பொவினென்" என்னும் சொல்லும் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பத் திரிவது. ஆங்கிலத் தொடரில் மறைந்த எழுவாயை, அச்சொல்லை ஆளும் செக் மொழிபெயர்ப்பாளர் தேடியே ஆக வேண்டும்.

மூலத்தில் இல்லாத எழுவாயைச் சட்ட மொழிபெயர்ப்பாளர் தாமே படைத்துவிட முடியாது. நடுவணரசுச் சட்டமொன்றின் தமிழாக்கம் குடியரசுத் தலைவரின் ஆணைவழி அரசிதழில் வெளியாகுமாயின், அதுவே தமிழில் சான்றுரை என 1973-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கூறுவதால், அங்கே கூட்டலும் குறைத்தலும் குற்றமே. ஆயினும் "வழங்கப்படும்" என்பதை "வழங்கப்படல் வேண்டும்" என்று நிறுத்துவது அவர் கையில் உள்ளது. கண்மாய்க் கரையில் நடும் பலகைக்கோ அத்தளையும் இல்லை; அங்கே எழுவாயைத் தாராளமாக எழுதலாம்: "இப்பணியை நடத்தும் ஊராட்சியாகிய நாங்கள், வேலை நடக்கும் எல்லா நாளிலும், இக்களத்தில் உழைப்போர்க்குக் குடிநீரும் அவர்தம் குழந்தைகளுக்கு நிழலும் அளிக்கக் கடவோம்."