டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும்: வீட்டிலேயே மாற்றலாமா?

பழைய சான்ட்ரோ கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிப் பிழைத்து வந்த சகோதரர் ஒருவர், சென்ற மாதம் நம் அலுவலகத்தில் உதவி மனு கொடுத்தார். டைமிங் பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்து, இன்ஜின் ஹெட்டையே கழற்றும்படி ஆகிவிட்டது. பெல்ட்டை எப்போது மாற்றியது என்று வண்டி வாங்கும்போது அவர் கேட்கவில்லை. நாமாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம்.

கிராங்க் ஷாப்ட் இரண்டு முறை சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு முறை சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட். அது அறுந்தால் திறந்த வால்வு அப்படியே நின்றுவிடும். மேலேறும் பிஸ்டன் அதில் மோதும். பெரும்பாலும் முன்னறிகுறி இருக்காது. பல கார்களின் கையேட்டில் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்லியிருப்பார்கள். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். சில கார்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின் இருக்கும். அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்ட்ரோவில் பெல்ட்டைக் கழற்றினால்தான் வாட்டர் பம்பை எடுக்க முடியும். பழைய பம்பை விட்டுவைத்து அது பிறகு ஒழுகினால், அதே வேலையும் கூலியும் மறுபடி. ஒழுகும் கூலன்ட் புதுப் பெல்ட்டையும் கெடுக்கும். ஆகவே பெல்ட், டென்ஷனர், பம்பு மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஸ்பேனர் பிடித்துப் பழகிய கையும், அந்த வண்டிக்கான கையேடும், ஒரு முழு நாளும் இருந்தால் வீட்டில் செய்யலாம். புதிதாகப் பழகுபவர் தனியாக இறங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். முதல் சிலிண்டர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு பற்சக்கரங்களின் குறிகளும் நேராக நிற்பதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் கழன்ற பிறகு இரண்டு ஷாப்ட்டையும் அசைக்கவே கூடாது.

புதுப் பெல்ட் மாட்டியதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்பேனரால் கிராங்கை, இன்ஜின் சுற்றும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள். பல் மாறி விழுந்திருக்கலாம். தடையின்றிச் சுற்றிக் குறிகள் மீண்டும் நேரானால்தான் மூடியைப் பூட்ட வேண்டும். கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

வடித்த பழைய கூலன்ட் இனிக்கும். ஆனால் கொடிய விஷம். பிள்ளைகளும் பூனைகளும் நெருங்காதபடி மூடிய கேனில் வையுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிப் பானட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நாளை அந்த வண்டியை வாங்குபவருக்கும் அது தெரிய வேண்டும்.