நின்றுபோன மணிக்கூடு: பழுதா, பற்றரியா?

முதல் நன்மைக்கோ திருமணத்திற்கோ கிடைத்த பழைய குவாட்ஸ் கைமணிக்கூடு நின்றுவிட்டால், "பிறகு பார்ப்போம்" என்று அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். கேடு அங்கேதான் தொடங்குகிறது. தீர்ந்த பற்றரி நாளடைவில் கசியும். அந்தக் காரநீர் உள்ளேயுள்ள உலோகத் தகடுகளை அரித்துவிடும். பற்றரி இல்லாமல் நின்ற மணிக்கூடு அப்போதுதான் உண்மையாகவே பழுதாகிறது. உடனே புதுப் பற்றரி வாங்க வசதியில்லையா? பழையதையாவது கழற்றுவித்து வையுங்கள்.

செக்கன் முள் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை துள்ளுகிறதென்றால் பயப்பட வேண்டாம். பற்றரி முடியப்போவதை அறிவிப்பதற்காகவே பல மணிக்கூடுகளில் இந்த ஏற்பாடு உண்டு.

புதுப் பற்றரி போட்டும் சில மாதங்களில் நின்றுவிடுகிறது என்பதே பலருடைய முறைப்பாடு. போட்ட பற்றரி எது என்று கேளுங்கள். 6.8 மில்லிமீற்றர் விட்டமும் 2.6 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட 626 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். அதில் 'எஸ்.ஆர்.' என்று தொடங்குவது வெள்ளி ஒட்சைட்டு வகை. 1.55 வோல்ற் மின்னழுத்தத்தை ஏறக்குறைய முடியும்வரை தளராமல் கொடுக்கும். 'எல்.ஆர்.' அல்லது 'ஏ.ஜி. 4' என்றிருப்பது அல்கலைன் வகை. 1.5 வோல்ற்றில் தொடங்கி மெல்ல மெல்ல இறங்கும், கசிவதும் கூட. இரண்டும் ஒரே அளவு, பார்வைக்கும் ஒன்றுதான். அட்டையில் பத்தாக வரும் மலிவுப் பற்றரிகள் பெரும்பாலும் இரண்டாவது வகையே. மலிவென்று வாங்கி, ஆண்டுக்கு இருமுறை கடைக்கு அலைவதில் என்ன இலாபம்?

நல்ல பற்றரியும் விரைவில் தீர்ந்தால், உள்ளே எண்ணெய் காய்ந்து பற்சில்லுகள் இறுகியிருக்கலாம், அல்லது ஈரம் புகுந்திருக்கலாம். அதைத் திருத்துநரிடம் விட்டுவிடுங்கள். மூடியின் றப்பர் வளையத்தையும் அவர் பார்க்கட்டும்.

நீங்களே மூடியைத் திறப்பதானால், பற்றரியின் அருகே தெரியும் செப்புச் சுருளில் ஆயுதம் படக்கூடாது. அக்கம்பி தலைமயிரிலும் மெல்லியது. அறுந்தால் மணிக்கூடு ஓடாது. பற்றரியை வெறும் விரலாலோ இரும்புச் சாவணத்தாலோ பிடிக்காமல் பிளாஸ்ரிக் சாவணத்தால் பிடியுங்கள். வெண்பொடி படிந்திருந்தால், ஈர்க்கு நுனியில் சிறிது பஞ்சு சுற்றி, வினாகிரியில் தொட்டுப் பிழிந்து, தகட்டை மட்டும் துடையுங்கள். பின்னர் நன்றாக உலரவிடுங்கள்.

கழற்றிய பற்றரியை மேசையில் விடாதீர்கள். குழந்தை அதை விழுங்கினாலோ, மூக்கிலோ காதிலோ செருகிக்கொண்டாலோ, சில மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாகிவிடும். வாந்தியெடுக்க வைக்காமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.