பொது விலையும் தனித் திரையும்: நாமக்கல் வட்டாரத்தை முன்வைத்து இணையத் தனிப்பயனாக்கம்

முன்னுரை

நாமக்கல் மண்டலத்தில் முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. 1982ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இவ்வமைப்பு அறிவிக்கும் விலையைப் பண்ணையாளர், வியாபாரி, லாரி உரிமையாளர், தீவன ஆலையார் ஆகிய அனைவரும் ஒரே எண்ணாக அறிகின்றனர். வியாபாரிகள் அவ்விலையிலிருந்து ‘மைனஸ்’ பிடித்து வாங்குவதுண்டு. எனினும் எந்த எண்ணிலிருந்து மைனஸ் என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அவ்வெண்ணை ஏற்றவும் இறக்கவும் வல்ல நுகர்வோரின் எண்ணமோ இன்று பெருமளவும் கைப்பேசித் திரையில் உருவாகிறது. அத்திரையில் ஒருவருக்குத் தோன்றுவது மற்றவருக்குத் தோன்றுவதில்லை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகத் தெரிந்தெடுத்து வழங்கப்படும் உள்ளடக்கம் சேலம், நாமக்கல் சமவெளியின் வாழ்வில் எவ்வாறு வினைபுரிகிறது என்பதையும், அதனை ஆராய முற்படுவோர் எதிர்கொள்ளும் சான்றுச் சிக்கலையும் இக்கட்டுரை விளக்க முனைகிறது.

தெரிந்தெடுப்பு நிகழும் முறை

2009 டிசம்பரில் கூகுள் நிறுவனம் தனிப்பயனாக்கிய தேடலைக் கணக்கில் நுழையாத பயனருக்கும் விரிவாக்கியது. அதன் பின்னர் ஒரே சொல்லைத் தேடும் இருவர் வெவ்வேறு விடைகளைப் பெறுவது இயல்பாயிற்று. 2012இல் யூடியூப், ஒரு காணொளி எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதைக் காட்டிலும் எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதைப் பரிந்துரையின் முதன்மை அளவுகோலாக்கியது. பயனர் எதனை நம்புகிறார் என்பது இப்படிமுறைக்குத் தெரியாது. அவர் எதன்முன் நின்றார், எதனைத் தாண்டிச் சென்றார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ‘பிளாஸ்டிக் முட்டை’ என்ற பெயரில் உலவிய காணொளியை ஒருவர் நகைப்பதற்காகப் பார்த்தாலும், அஞ்சிப் பார்த்தாலும் நிரல் அவ்விரண்டையும் பார்த்த நேரமாகவே எண்ணிக்கொள்கிறது. அத்தகைய முட்டை ஏதும் இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விளக்கம் வெளியிட்டது. அவ்விளக்கமும் அதே நிரலின் வழியாகவே மக்களைச் சென்றடைய வேண்டியிருந்தது.

எலி பரைசர் 2011இல் தம் நூலில் இந்நிலையை ‘வடிகட்டிக் குமிழி’ எனப் பெயரிட்டார். இக்கருத்து பரவிய அளவிற்கு மெய்ப்பிக்கப்படவில்லை என்பதையும் ஆய்வுலகம் அறியும். அமெரிக்காவின் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஃபேஸ்புக் பயனரை ஆராய்ந்து 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த கட்டுரை, மாற்றுக்கருத்தைக் காணவிடாமல் தடுப்பதில் படிமுறையை விடப் பயனரின் சொந்தத் தேர்வே மிகுதியும் பங்கு கொள்கிறது என்றது. அதனை எழுதியோர் ஃபேஸ்புக் நிறுவனத்தைச் சார்ந்தோர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆக்செல் புருன்ஸ் 2019இல் குமிழி என்ற உருவகமே பொருந்துமா என்று வினவினார். இவ்விவாதம் பெரும்பாலும் மேலைநாட்டுக் கட்சி அரசியலைத் தளமாகக் கொண்டது. உணவு, தொழில், ஊர் ஆகியவை சார்ந்த களங்களில் அதே வினாவை எழுப்பினால் விடை சற்று வேறாக அமையக்கூடும்.

2020: கோழியும் கொரோனாவும்

2020ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், கோழியின் வழியாகக் கொரோனா பரவுகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பிலும் பிற தளங்களிலும் இந்தியாவெங்கும் பரவியது. நோயுற்ற கோழிகளின் படங்கள் அதற்குச் சான்றுபோல் இணைக்கப்பட்டிருந்தன. அச்செய்தி குறிவைத்தது கறிக்கோழியை. நாமக்கல்லின் பெருந்தொழில் முட்டைக்கோழி வளர்ப்பு. உண்பவர் அவ்வேறுபாட்டைக் கருதவில்லை. முட்டையின் தேவையும் வீழ்ந்தது. கோழி, முட்டையிடுவதை நிறுத்தி வைக்க இயலாது. தீவனச் செலவையும் ஒத்திவைக்க இயலாது. முட்டையோ நெடுநாள் தாங்கும் பொருளன்று. ஆதலின் பத்து நாள் வதந்தியும் இத்தொழிலுக்குப் பெருங்கேடு.

வீழ்ச்சி முழுவதையும் வதந்தியின் கணக்கில் எழுதுவது பிழையாகும். அவ்வாண்டு மார்ச்சில் கோழிக்கோடு மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. கேரளம் நாமக்கல் முட்டையின் முதன்மைச் சந்தை. அம்மாத இறுதியில் நாடு தழுவிய ஊரடங்கும் வந்தது. ஆயினும் இவ்விரண்டிற்கும் முன்பே, பிப்ரவரியில், கோழிக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை என நடுவண் கால்நடைப் பராமரிப்புத் துறை அறிவிக்க நேர்ந்தது என்பது வதந்தியின் தாக்கத்தைக் காட்டும்.

அம்மறுப்பு யாரைச் சென்றடைந்தது என்பதே இங்கு ஆராயத்தக்கது. கோழிப் பண்ணை, தீவனம், முட்டை விலை ஆகியவற்றை நாள்தோறும் தேடுபவர் பண்ணையாளர். ஆகவே மறுப்புக் காணொளிகளைப் பரிந்துரை நிரல் முதலில் காட்டத்தக்கவரும் அவரே. சென்னையிலோ கொச்சியிலோ முட்டை வாங்கும் குடும்பத்தின் தேடலில் கோழி ஒரு பொருளாகவே இருந்திராது. அவர்தம் திரையில் அந்நாளில் நிறைந்திருந்தது நோயச்சம். அச்சத்தோடு ஒட்டிய செய்தி அவர்களுக்கும், அச்சத்தைத் தீர்க்கும் செய்தி பண்ணையாளருக்கும் சென்றிருக்கும் எனக் கருத இடமுண்டு. ஐயமே இல்லாதவர்க்கு விளக்கம் மீண்டும் மீண்டும் கிடைத்தது. அதனைக் கண்ட பண்ணையாளர் உண்மை பரவிவிட்டதாக எண்ணியிருக்கவும் கூடும்.

பிப்ரவரி இறுதியில் ஐதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் பொதுமேடையில் கோழிக்கறி உண்டு காட்டினர். வேடிக்கையாகத் தோன்றினும், அனைவரும் ஒருங்கே காணத்தக்க காட்சி ஒன்றை உண்டாக்கும் முயற்சியாக அதனைக் கொள்ளலாம். தேநீர்க் கடையில் ஒரே நாளிதழைப் பலர் பகிர்ந்து படித்த காலத்தில் அத்தகைய காட்சிக்குத் தனி ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் செய்தியைத் தெரிந்தெடுப்பது படிமுறையன்று. உறவினரும் நண்பருமே அனுப்புகின்றனர். ஆதலின் அது தனிப்பயனாக்கத்தில் அடங்காது என வாதிடலாம். ஆனால் அனுப்பும் மாமாவும் தம் திரையில் தோன்றியதைத்தான் அனுப்புகிறார். படிமுறை அவருக்கு முன்பும் உறவு அவருக்குப் பின்பும் நின்று தெரிந்தெடுக்கின்றன. 2018இல் இந்தியாவில் முன்னனுப்புதலை ஐந்து உரையாடல்களாகவும், 2020 ஏப்ரலில் பலமுறை அனுப்பப்பட்டவற்றை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலாகவும் அந்நிறுவனம் வரையறுத்தமை வேகத்தைக் குறைத்தது, தெரிந்தெடுப்பைத் தொடவில்லை.

2014: நகலெடுக்கப்பட்ட பக்கங்கள்

ஒரு பகுதியை மட்டும் காட்டி எண்ணத்தை உருவாக்குதல் இணையத்திற்கு முந்தியது. அதற்கும் இவ்வட்டாரமே சான்று தருகிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் எதிர்ப்பின்றி வாசிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் பரப்பப்பட்டன. முழு நூலைக் காணாத பலருக்கு அப்பக்கங்களே நூலாயின. நூல் எரிப்பும் கடையடைப்பும் தொடர்ந்தன. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தையில் ஆசிரியர் மன்னிப்புக் கோர வைக்கப்பட்டார். அதன்பின் எழுத்தாளன் இறந்துவிட்டான் என ஃபேஸ்புக்கில் அறிவித்தார்.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அப்பேச்சுவார்த்தை உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது. நாவலைத் தடைசெய்யக் கோரியதையும் ஏற்கவில்லை. துண்டிக்கப்பட்ட பக்கங்களை முழு நாவலின் அருகே வைத்துப் படித்தல் அங்கு இயன்றது. நகல் அனைவர்க்கும் ஒன்றே; கையில் எடுத்துக் காட்டத்தக்கது; எது விடப்பட்டது என்று சுட்டத்தக்கது. இழப்பு பெரிதாயினும் மறுமொழி கூற ஒரு பொருள் எஞ்சியிருந்தது.

2020இல் நுகர்வோர் ஒருவரின் திரையில் என்ன வரிசையில் என்ன தோன்றியது என்பதற்கு அத்தகைய நகல் இல்லை. அவ்வரிசை அவருக்காக அக்கணத்தில் அமைக்கப்பட்டு மறைந்தது. வாட்ஸ்அப் செய்தியோ குறியாக்கத்தினுள் இருந்தது. நாமக்கல் பண்ணையாளர் மறுக்க வேண்டிய பனுவல் எது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

ஆய்வாளர் முன்னுள்ள சிக்கல்

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சேவைகள் சட்டம், மிகப்பெரும் தளங்கள் பயனரின் விவரக்குறிப்பைச் சாராத பரிந்துரை வரிசை ஒன்றையேனும் வழங்க வேண்டும் என்கிறது. தகுதி பெற்ற ஆய்வாளர் தரவைப் பெறவும் வழிசெய்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆய்வாளருக்கு அவ்வுரிமை இல்லை. எஞ்சியிருப்பது பயனரே மனமுவந்து தரும் தரவு. யூடியூப்பில் ஒருவர் தம் பார்வை வரலாற்றைத் தாமே பதிவிறக்கி ஆய்வாளருக்கு வழங்கலாம். நாமக்கல்லில் ஐம்பது பண்ணையாளரிடமும் சேலம் நகரில் ஐம்பது நுகர்வோரிடமும் இவ்வாறு திரட்டி, விலை வீழ்ந்த நாள்களோடு ஒப்பிடுதல் ஒரு முனைவர் பட்ட ஆய்வின் எல்லைக்குள் அடங்கும். ஆனால் அவ்வரலாறு பார்த்தவற்றையே பதிவு செய்யும்; பரிந்துரைக்கப்பட்டும் தொடப்படாதவை அதில் இரா. அவற்றைப் பெற வேண்டுமெனில் பங்கேற்பாளரின் இசைவோடு திரையை அவ்வப்போது படமெடுத்து வைத்தல் வேண்டும். அப்பணியை அடுத்த வதந்திக்கு முன்பே தொடங்கியிருக்கவும் வேண்டும்.