மண்டைக்குள் ஒரு தேசம் – 12: கட்டைவிரலுக்கு முப்பது

மூச்சை முகுளம் பார்த்துக்கொள்கிறது, நடை தள்ளாடாமல் சிறுமூளை காக்கிறது என்பதோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் வாசனை என்று சொல்லியிருந்தேன். சூளகிரி மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக இறங்கும் கொத்தமல்லியிலிருந்து தொடங்க எல்லாம் தயாராக இருந்தது. நடுவில் ஒரு சட்டப் புத்தகம் கைக்கு வந்தது. வாசனை அடுத்த வாரம்தான்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அது. பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. வேலையிடத்தில் உடம்பின் எந்தப் பாகம் போனால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு. கட்டைவிரல் முழுவதும் போனால் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. ஐந்து விரலும் சேர்ந்து போனால் 60. விரலின் ஒரு கணு மட்டும் போனால் எவ்வளவு, எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் போனால் எவ்வளவு என்று அது இன்னும் நுணுக்கமாகப் போகிறது. சுண்டுவிரல் நுனிக்கு 2.

ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலையின் இருபக்கமும் உள்ள பட்டறைகளில் பவர் பிரஸ்ஸில் நிற்பவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. டைக்குள் தகட்டை வைத்துவிட்டுக் கை வெளியே வருவதற்குள் பிரஸ் இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் பேசும் பேச்சே இந்த அட்டவணையைப் பற்றித்தான்.

என்னை உட்கார வைத்தது அந்த வரிசை. கட்டைவிரல் முதலில், அப்புறம் ஆள்காட்டி, அப்புறம் நடுவிரல், கடைசியில் சுண்டுவிரல். மூளைக்குள் இருக்கும் வரிசையும் ஏறக்குறைய இதுவேதான்!

இரண்டு காதுகளையும் உச்சந்தலை வழியாக ஒரு பட்டையால் இணைத்தால், அதன் கீழே மூளையின் மேற்பரப்பில் ஒரு நீண்ட பள்ளம் ஓடும். பள்ளத்துக்கு முன்னால் உள்ள மடிப்பு தசைகளை அசைக்கிறது. பின்னால் உள்ள மடிப்பு தொடு உணர்வை வாங்குகிறது. இடது மூளைக்கு வலது உடம்பு, வலது மூளைக்கு இடது உடம்பு. கனடாவின் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர் இந்த மடிப்புகளை வரைபடமாக்கினார். வலிப்பு நோயாளிகளுக்கு மண்டைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டார். மூளைக்கு வலி தெரியாது. ஓரிடத்தைத் தொட்டால் நோயாளி "கட்டைவிரல் குறுகுறுக்கிறது" என்பார். சற்றுத் தள்ளித் தொட்டால் "உதடு" என்பார். தொட்ட இடங்களில் எண் எழுதிய சிறு காகிதத் துண்டுகளை வைத்து, அதைப் படமெடுத்துக்கொண்டார். 1937இல் அந்த வரைபடம் வெளியானது. முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் சொற்பம். உதட்டுக்கும் கட்டைவிரலுக்கும் தாராளம். சுண்டுவிரலை நெருங்க நெருங்க இடம் சுருங்குகிறது. ஒரு பாகம் எவ்வளவு பெரியது என்பது மூளைக்குப் பொருட்டில்லை. அது எவ்வளவு நுணுக்கமாக உணர்கிறது என்பதை வைத்தே இடம் பிரித்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் கூலியை நினைத்து வரிசை போட்டார்கள். இரண்டும் வந்து சேர்ந்தது கட்டைவிரலில்.

பென்ஃபீல்டு நமக்கு அவ்வளவு தூரத்து ஆளும் இல்லை. அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். வேலூரிலிருந்து பெங்களூரு நிம்ஹான்ஸுக்குப் போகும் நோயாளி சூளகிரியைத் தாண்டித்தான் போகிறார். நாட்டின் மூளை மருத்துவத்தில் பாதி வரலாறு இந்த ஒரே சாலையின் இரு முனைகளில் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இதைச் சொல்ல வேண்டும்.

பென்ஃபீல்டின் வரைபடத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கைக்குப் பக்கத்தில் இருப்பது தோளில்லை, முகம். இதைப் பிடித்துக்கொண்டவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். 1990களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில், விபத்தில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சுக்குச்சியால் அவர் முகத்தைத் தொட்டார். கன்னத்தைத் தொட்டதும், இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாக அந்த இளைஞர் சொன்னார். மேலுதட்டில் தொட்டால் ஆள்காட்டி விரல். கீழ்த்தாடையில் தொட்டால் சுண்டுவிரல். கையிலிருந்து தகவல் நின்றுபோனதும், தரிசாகக் கிடந்த நிலத்தில் பக்கத்து வயல்காரர் ஏர் ஓட்டியதுபோல முகம் உள்ளே வந்துவிட்டது என்று ராமச்சந்திரன் விளக்கினார்.

முப்பது ஆண்டுகள் கழித்து இந்த விளக்கத்தில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், கையை எடுக்கவேண்டிய நிலையில் இருந்த மூன்று பேரின் மூளையை அறுவைக்கு முன்பே ஸ்கேன் செய்து வைத்தார்கள். கை போன பிறகு, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை, மறுபடி மறுபடி ஸ்கேன் செய்தார்கள். இல்லாத விரல்களை அசைக்கச் சொன்னபோது, பழைய இடத்தில் பழைய விரல் வரிசை அப்படியே ஒளிர்ந்தது. உதடு அங்கே குடியேறியிருக்கவில்லை. நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இந்த ஆய்வு பெரிய நம்பிக்கை தருகிறது. கை போனாலும் கைக்கான இடம் மூளையில் இருக்கிறது என்றால், இல்லாத விரல் வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதற்கு ஆதாரம் அங்கேயே இருக்கிறது.

அந்த வலி கொடியது. உள்ளங்கையில் நகம் பதிய முஷ்டி இறுகிக்கொண்டது போல, எரிவது போல, மின்சாரம் பாய்வது போல வரும். முஷ்டியைத் திறக்கலாமென்றால் கை இல்லை. ராமச்சந்திரன் இதற்குச் செய்தது மிக எளிமையானது. ஒரு பெட்டி, நடுவில் நிமிர்ந்த கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து விரித்தால், அந்தப் பிம்பம் போன கையின் இடத்தில் தெரியும். கண் பார்த்ததை மூளை ஏற்றுக்கொள்ள, இறுகிய முஷ்டி திறப்பதாக உணர்ந்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் பலிப்பதில்லை, பலருக்கு வலி குறைந்திருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும்.

சுண்டுவிரல் நுனிச் சதைக்குக்கூட 2 என்று எழுதிவைத்த அட்டவணையில் இந்த வலிக்கு ஒரு வரி இல்லை. வெளியில் தெரியும் இழப்பை மட்டும் அது அளக்கிறது. விரல் போய் ஆறு மாதம் கழித்து, தூக்கமில்லாமல், இல்லாத விரலைப் பிடிக்கக் கை நீட்டுகிறவரிடம் வீட்டில் "மனப்பிரமை" என்கிறார்கள். வேலையிடத்தில் "சாக்கு" என்கிறார்கள். அவரும் சொல்வதை நிறுத்திவிடுகிறார்.

நிறுத்தாதீர்கள். இஎஸ்ஐ மருத்துவமனையானாலும் அரசு மருத்துவமனையானாலும், "காயம் ஆறிவிட்டது, ஆனால் இல்லாத விரல் வலிக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். எந்த விரல், எரிச்சலா இறுக்கமா, எந்த நேரத்தில் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நரம்பு வலிக்கென்று தனி மாத்திரைகள் இருக்கின்றன, சாதாரண வலி மாத்திரை இதற்குப் போதாது. கண்ணாடிப் பயிற்சியைப் பற்றிப் பிசியோதெரபிஸ்ட்டிடம் நீங்களே கேளுங்கள்.